சுட்ட நீலமும் வெளுத்த மாணிக்கமும்

கேள்வி: நாங்கள் திருகோணமலைக்குப் பக்கத்தில் உப்புவெளியில் இருக்கிறோம். நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. மூத்த மகளுக்கு நீலம் போட்டால் நல்லது என்று சாத்திரியார் சொன்னதால் சென்ற வருடம் கொழும்பில் 2.14 கரட் நீலக்கல் ஒன்று வாங்கி மோதிரம் செய்வித்தோம். கல்லோடு தந்த பரிசோதனை அட்டையில் 'இயற்கை நீலம், சூடேற்றியதற்கான அறிகுறி உண்டு' என்று ஆங்கிலத்தில் இருப்பதை இப்போதுதான் கவனித்தோம். எங்கள் பத்தர், "டீச்சர், இது சுட்ட கல்லு, உங்களை ஏமாத்திப் போட்டாங்கள்" என்கிறார். அடுத்தது, மைத்துனர் பாங்கொக்கில் வாங்கிவந்த மாணிக்கப் பதக்கம். ஆறு கரட் கல், விலையோ மிகக் குறைவு. வளையம் கழன்றதால் அதே பத்தரிடம் ஒட்டக் கொடுத்தோம். திரும்பி வந்தபோது கல்லுக்குள் சிலந்தி வலை மாதிரி வெள்ளைக் கோடுகள். பத்தர்தான் கெடுத்தார் என்று மைத்துனர் சண்டைக்கு நிற்கிறார். இப்போது மகனுக்கு ஒரு புஷ்பராகம் வாங்க வேண்டும். யாரை நம்புவது, என்ன கேட்பது என்றே தெரியவில்லை.

பதில்:

அன்பின் டீச்சருக்கு,

முதலில் இரண்டு சண்டைகளையும் தீர்த்துவிடுகிறேன். உங்கள் நீலம் உண்மையான நீலம்தான். சுடாத கல்லின் விலையை உங்களிடம் வாங்கியிருந்தாலொழிய யாரும் ஏமாற்றவில்லை. அட்டையில் எழுதித்தானே தந்திருக்கிறார்கள். மாணிக்கத்தின் கதை வேறு. பத்தரின் நெருப்புப் பட்டுத்தான் அது வெளுத்தது, ஆனாலும் பழியை அவர்மேல் போட எனக்கு மனம் வரவில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

'சுட்ட கல்லு' என்பதை நம் ஆட்கள் 'பொய்க் கல்லு' என்பதுபோலச் சொல்லிவிடுகிறார்கள். புல்மோட்டைப் பக்கம் போயிருந்தால் அந்தக் கறுப்பு மணலைப் பார்த்திருப்பீர்கள். அதில் இல்மனைட், ரூட்டைல், சிர்கோன் என்ற கனிமங்கள் எல்லாம் கலந்திருக்கின்றன. இல்மனைட்டில் இரும்பும் டைட்டேனியமும் உண்டு, ரூட்டைல் என்பது டைட்டேனியம் ஒட்சைட்டு. நீலக்கல் நீலமாக இருப்பதற்கும் இதே இரும்பும் டைட்டேனியமும்தான் காரணம். கல் என்னவோ அலுமினியம் ஒட்சைட்டுத்தான். சுத்தமாக இருந்தால் அதற்கு நிறமே கிடையாது. துளியளவு இரும்பும் டைட்டேனியமும் உள்ளே சோடி சேரும்போதுதான் நீலம் தெரிகிறது.

நம் நாட்டுக் கற்கள் பலவற்றில் இந்த டைட்டேனியம் கல்லோடு கரையாமல், ரூட்டைல் ஊசிகளாகப் பிரிந்து கிடக்கிறது. வியாபாரத்தில் அதைப் பட்டு என்போம். பட்டு அதிகமானால் கல் பால் கலந்ததுபோல மங்கிப்போகும். அதுதான் கெவுடா. பாலாக இருப்பது ஒரு ரகம், எண்ணெய் பூசியதுபோல் இருப்பதை டீசல் என்பார்கள், ஒரு மூலையில் மட்டும் நீலத் திட்டு இருந்தால் ஒட்டு. ஒரு காலத்தில் இவற்றுக்கு இங்கே பெரிய மதிப்பு இருக்கவில்லை. 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் வந்து மலிவாக வாங்கிக்கொண்டு போனார்கள். அங்கே 1,500 பாகை செல்சியஸுக்கு மேல், சிலவேளை 1,800 வரை, காற்றில் ஒட்சிசன் குறைந்த உலையில் வைத்தார்கள். ஊசிகள் கரைந்தன, டைட்டேனியம் கல்லுக்குள் பரவி இரும்போடு சேர்ந்தது, மங்கிய கல் தெளிந்து நீலமாகியது. நாம் சல்லிக்குக் கொடுத்ததை அவர்கள் நீலமாக்கி விற்றார்கள். அந்த எரிச்சல் இரத்தினபுரிப் பழைய ஆட்களிடம் இன்னும் இருக்கிறது.

உங்கள் மகளின் கல்லில் நடந்ததும் அநேகமாக இதுதான். வெளியிலிருந்து எதையும் சேர்க்கவில்லை. கல்லுக்குள் ஏற்கெனவே இருந்ததைச் சூடு இடம் மாற்றி வைத்தது. அந்த நிறம் போகாது. வெயிலில் போட்டாலும் சரி, கன்னியா வெந்நீர்க் கிணற்றில் ஏழு முறை முக்கி எடுத்தாலும் சரி, அப்படியே இருக்கும். இன்று சந்தைக்கு வரும் நீலங்களில் பெரும்பாலானவை சூடு கண்டவைதான். நம் நாட்டிலும் இது புதிதில்லை: தேங்காய்ச் சிரட்டைக் கரியில் கல்லைப் புதைத்து, ஊதுகுழலால் ஊதிச் சூடேற்றி, சிவப்புக் கல்லில் கலந்திருக்கும் நீலச் சாயலைப் போக்கும் வேலையைப் பரம்பரையாகச் செய்துவருகிறார்கள். அந்தச் சூடு ஆயிரம் பாகை அளவில்தான் இருக்கும். அதன் தடயத்தைக் கண்டுபிடிப்பது ஆய்வுகூடங்களுக்கே சில சமயம் சிரமம்.

அப்படியானால் சுடாத கல்லுக்கு ஏன் அவ்வளவு விலை? அரிது என்பதால்தான். மண்ணுக்குள்ளிருந்தே நல்ல நீலமாகவும் தெளிவாகவும் வரும் கல் கொஞ்சம். நிறம் நன்றாக இருக்கும் பெரிய கல்லில் சுட்டதற்கும் சுடாததற்கும் விலை பல மடங்கு வேறுபடும். வெளிர்நிறச் சிறு கல்லில் அந்த வித்தியாசம் பெரிதாக இராது. ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பற்றுச்சீட்டை எடுத்துப் பாருங்கள். அதில் 'சூடேற்றாதது' என்று எழுதியிருந்தால் அட்டையையும் சீட்டையும் கொண்டுபோய்க் கடையில் கேளுங்கள், அது உங்கள் உரிமை. எழுதியில்லாவிட்டால் மோதிரத்தை மகள் நிம்மதியாகப் போடட்டும்.

சுட்ட கல்லுக்குப் பலன் உண்டா இல்லையா என்பதை நான் சொல்லப்போவதில்லை. என் நுண்ணோக்கியில் சனி பகவான் தெரியமாட்டார். ஆனால் சுடாத கல்தான் வேண்டும் என்று சாத்திரியார் நினைத்தால் அதை வாங்குவதற்கு முன் சொல்லிவிட வேண்டும். அதே காசுக்குச் சிறிய கல் எடுக்கலாம், அல்லது கொஞ்சம் வெளிர் நிறத்தில் எடுக்கலாம். வாங்கிய பிறகு சொல்வதில் யாருக்கும் பிரயோசனம் இல்லை.

சூடு என்ற ஒரே சொல்லுக்குள் இன்னும் சில வேலைகள் ஒளிந்திருக்கின்றன. ஏமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது. 1990களின் கடைசியில், நான் தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு வியாபாரியிடம் ஐந்து நீலங்களைச் சேர்த்து வாங்கினேன். நல்ல கருநீலம். ஒன்றில் முகப்புப் பட்டையில் சின்னக் கீறல் இருந்தது. மெருகு போட்டுத் தரும்படி பட்டை வெட்டுபவரிடம் கொடுத்தேன். மாலையில் போனால் மனிதர் முகம் வெளிறி உட்கார்ந்திருக்கிறார். கல்லின் நடுவில் யன்னல் திறந்ததுபோல ஒரு வெள்ளைத் திட்டு! தான் ஏதோ பிழை விட்டதாக நினைத்து அவர் பயந்துபோயிருந்தார். பிழை என்னுடையது. நிறமில்லாத கல்லின்மேல் டைட்டேனியப் பொடியைப் பூசிச் சூடேற்றியிருக்கிறார்கள். நிறம் மேல்தோலில் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவான ஆழத்துக்குத்தான் இறங்கியிருந்தது. ஐந்தும் அப்படித்தான். இதுவும் 'சுட்ட கல்'தான், விற்றவர் பொய் சொல்லவில்லை. நானும் எதனோடு சேர்த்துச் சுட்டது என்று கேட்கவில்லை.

இந்த ரகத்தைப் பிடிக்க வீட்டிலேயே ஒரு வழி உண்டு. வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீர் விட்டுக் கல்லை அதில் முக்கி, வெளிச்சத்தில் பாருங்கள். பட்டைகளின் விளிம்புகளில் பேனையால் கோடு போட்டதுபோல நிறம் திரண்டு தெரிந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான். பாலில் நீலத்தைப் போட்டால் பால் நீலமாகத் தெரியும், அதுதான் அசல் கல் என்று சொல்வார்களே, அதை மறந்துவிடுங்கள். நிறக் கண்ணாடியைப் போட்டாலும் தெரியும்.

பெரிலியம் போட்டுச் சுடுவது இதற்கு மேல் ஒரு படி. 2001 கடைசியிலும் 2002 தொடக்கத்திலும் தாய்லாந்தின் சந்தபுரியிலிருந்து செம்மஞ்சளும் இளஞ்சிவப்பும் கலந்த அழகான கற்கள் திடீரென்று குவிந்தன. நம் பத்பராட்சா நிறம். இவ்வளவு கல் எங்கிருந்து வருகிறது என்று எல்லோரும் முழித்தார்கள். பெரிலியம் மிகச் சிறிய அணு. உக்கிரமான சூட்டில் கல்லுக்குள் ஆழமாக, சில கற்களில் நடுவரைக்கும், போய்விடுகிறது. மெருகு போட்டாலும் தெரியாது, தண்ணீரில் முக்கினாலும் அநேகமாகத் தெரியாது. உறுதியாகச் சொல்ல லேசர் வைத்துச் சோதிக்கும் கருவி வேண்டும். அது எல்லா ஆய்வுகூடத்திலும் இல்லை. நிறம் நிலையானதுதான், ஆனால் விலை சாதாரணமாகச் சுட்ட கல்லைவிடவும் நன்றாகக் குறைவு. நீங்கள் தேடும் புஷ்பராகமும் நீலத்தைப் போல அலுமினியம் ஒட்சைட்டுத்தான், நிறம் மட்டும் மஞ்சள். அதற்கு இது முக்கியம் என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

இப்போது மாணிக்கம். மைத்துனரிடம் மெதுவாகச் சொல்லுங்கள். வெடிப்பே உடம்பாக இருக்கும் மலிவான சிவப்புக் கல்லை எடுத்து, அமிலத்தில் கழுவி, ஈயம் கலந்த கண்ணாடியை உருக்கி அந்த வெடிப்புகளுக்குள் இறக்குவது 2004 அளவிலிருந்து பெரிய அளவில் நடக்கிறது. ஈயக் கண்ணாடி ஒளியை வளைக்கும் அளவு மாணிக்கத்துக்கு மிக அருகில் இருப்பதால் வெடிப்பு கண்ணுக்கு மறைந்துவிடும். ஒளி புகாத சல்லிக்கல் ஆறு கரட் அரச மாணிக்கமாக எழுந்து நிற்கும். மொத்த வியாபாரத்தில் கரட் சில டொலருக்குக் கிடைக்கும். ஆறு கரட் நல்ல மாணிக்கம் என்ன விலை போகும் என்று தெரிந்தவர் அந்த விலையைக் கேட்டதுமே கல்லை வைத்துவிட்டு வந்திருப்பார்.

கண்ணாடி எவ்வளவு சூடு தாங்கும்? பத்தரின் ஊதுவிளக்கு பட்டவுடன் உருகி வெளியே கசியும். ஒட்டு வேலை முடிந்து நகையைத் திராவகத்தில் போட்டிருப்பார், மிச்சத்தை அது அரித்திருக்கும். நீங்கள் பார்த்த சிலந்தி வலை கல்லில் ஆதியிலிருந்தே இருந்த வெடிப்பு, இப்போது வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். உண்மையான மாணிக்கம் அந்தச் சூட்டைப் பெரும்பாலும் தாங்கும் என்று நம்பித்தான் பத்தர் வேலை செய்தார். நெருப்பு வைப்பதற்கு முன் லென்ஸால் ஒரு முறை பார்த்திருக்கலாம், அந்த அளவுக்கு அவர்மீது குறை உண்டு. பதக்கத்தைச் சாய்த்துத் திருப்பிப் பாருங்கள். இன்னும் கண்ணாடி மிச்சம் இருக்கும் இடத்தில் நீலமோ ஊதாவோ மின்னி மறையும். லென்ஸில் பார்த்தால் சோடாப் போத்தலில் இருப்பதுபோலக் குமிழிகளும் தெரியும். இனி அதைத் தேசிக்காய், புளி போட்டுத் துலக்க வேண்டாம். தேசிக்காய்ச் சாறே கண்ணாடியை அரிக்கும். நீலக்கல்லிலும் இதே வேலையைக் கோபால்ட் சேர்த்த கண்ணாடியால் செய்கிறார்கள்.

மரகதம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஒரு வரி மட்டும்: அநேகமாக எல்லா மரகதத்திலும் வெடிப்புகளை மறைக்க எண்ணெயோ பிசினோ ஏற்றியிருப்பார்கள். சுடுதண்ணீரிலும் அதிர்வுக் கழுவும் இயந்திரத்திலும் போடாதீர்கள்.

சரி, புஷ்பராகம். மஞ்சள் கல் கடையில் நான்கு விதமாக இருக்கும், கண்ணுக்கு நான்கும் ஒன்றுதான். மண்ணிலிருந்து மஞ்சளாகவே வந்தது ஒன்று. சாதாரணமாகச் சுட்டு மஞ்சளாக்கியது ஒன்று. பெரிலியம் போட்டது மூன்றாவது. பொன்னை உருக்கி ஊற்றியதுபோல அழுத்தமான நிறம், விலை மட்டும் அதிசயமாகக் குறைவு என்றால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். நான்காவதுதான் எனக்குப் பிடிக்காதது: நிறமில்லாத கல்லுக்குக் கதிர்வீச்சுக் கொடுத்து மஞ்சளாக்குவது. கடை வெளிச்சத்தில் அருமையாக இருக்கும், வெயிலில் திரிந்தால் சில நாட்களில், சிலவேளை சில மணித்தியாலங்களிலேயே, வெளுத்துவிடும். குளிர்நாட்டுக்காரர் விரலில் கொஞ்சநாள் தாக்குப்பிடிக்கலாம், நிலாவெளி வெயிலில் பிடிக்காது. பங்குனி, சித்திரை வெயில் ஒன்றே போதும் இதைச் சோதிக்க. முழுப்பணம் கட்டும் முன் கடைக்காரரிடம் பேசி, முற்பணம் வைத்து, கல்லை வாங்கி வாருங்கள். வெள்ளைக் கடதாசியில் வைத்து ஒரு படம் எடுங்கள். மூன்று நான்கு நாள் யன்னலோரம் வெயிலில் வையுங்கள், காகம் கொண்டுபோகாத இடமாக. பிறகு அதே நேரத்தில், அதே கடதாசியில் இன்னொரு படம். நிறம் குறைந்திருந்தால் திருப்பிக் கொடுங்கள். இதற்குச் சம்மதிக்காத கடையில் புஷ்பராகம் வாங்காதீர்கள் என்பேன் நான்.

நகையில் பதித்த கல்லை வாங்குவதைவிடத் தனிக்கல்லாக எடுப்பது நல்லது. பின்பக்கம் மூடிய கூட்டுக்குள் அடியில் மினுக்கத் தாள் வைத்திருக்கலாம், சாயம் பூசியிருக்கலாம், யாருக்குத் தெரியும்? கல்லை எடுத்ததும் எடையை இரண்டு தசமத்துக்குக் கேட்டு, அட்டையில் உள்ள எடையோடும் மில்லிமீற்றர் அளவுகளோடும் ஒப்பிடுங்கள். நல்ல கல்லின் அட்டை வேறு கல்லோடு வருவது நடக்காத விஷயமில்லை.

அட்டையை வாசிப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 'நேச்சுரல்' என்று இருந்தால் கல் ஆய்வுகூடத்தில் வளர்த்ததில்லை என்பது மட்டும்தான் பொருள். அதற்கு என்ன செய்தார்கள் என்பதை வேறு வரியில் எழுதுவார்கள். 'நோ இண்டிகேஷன்ஸ் ஒஃப் ஹீட்டிங்' என்றால் சூடேற்றிய அறிகுறி காணவில்லை. அந்த 'நோ' இல்லாவிட்டால் சுட்டது, உங்கள் அட்டைபோல. இந்த வரியே இல்லாத சின்ன அட்டைகளும் கல்லோடு வரும். அவை சிகிச்சை பற்றி வாயே திறக்கவில்லை என்று அர்த்தம், சுடாத கல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பெரிலியத்துக்குச் சோதித்தார்களா என்றும் தனியாகக் கேளுங்கள். அடிக்குறிப்பில் 'சோதிக்கப்படவில்லை' என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பதை நானே பலமுறை கண்டிருக்கிறேன்.

யாரை நம்புவது என்று கேட்டீர்கள். 1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தில் உருவான தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் இங்கே கல் வியாபாரம் செய்ய முடியாது. கடையில் அதைக் காட்டச் சொல்லிக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். கொழும்பில் அதே சபைக்குக் கல் பரிசோதிக்கும் கூடம் இருக்கிறது. கல்லுக்குப் பெருந்தொகை கொடுக்கிறீர்கள் என்றால், கடைக்காரரின் அட்டை இருந்தாலும் நீங்களாக ஒரு முறை சோதிப்பதற்கு ஆகும் செலவு வீணில்லை. பற்றுச்சீட்டில் எடை, 'இயற்கை', 'சூடேற்றியது' அல்லது 'சூடேற்றாதது', 'பெரிலியம் இல்லை' என்று கையால் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வாயால் 'நூறு வீதம் ஒறிஜினல், அன்ரி' என்று சத்தியம் செய்கிறவர் பேனையை எடுக்கத் தயங்குவதைக் கவனித்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

கடற்கரையில் சேறு பூசிய கல்லைக் கையில் வைத்துக்கொண்டு 'ஆற்றில் கிடைத்தது' என்று வருபவர்களிடம் ஒன்றும் வாங்காதீர்கள். எலஹெரக் கல் வயல்களைத் தொட்டு ஓடும் அம்பன் கங்கை மகாவலியில் சேர்ந்து நம் கொட்டியாரக் குடாவில்தான் கடலில் கலக்கிறது, அது உண்மை. அதைச் சொல்லித்தான் விற்பார்கள். ஆனால் கனமான கல் மேலே ஆற்றுச் சரளையிலேயே படிந்துவிடும், மூதூர்வரை மிதந்து வராது. அவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் உருட்டித் தேய்த்த கண்ணாடி, இல்லாவிட்டால் வேர்னோய் முறையில் உருக்கி வளர்த்த செயற்கைக் கல். அந்த முறை 1902இலேயே வந்துவிட்டது. அதனால் 'பாட்டியின் பழைய மோதிரம், அதனால் அசல்' என்பதும் செல்லாது. செயற்கைக் கல்லும் அதே அலுமினியம் ஒட்சைட்டு, அதே கடினம் என்பதால் உரசிப் பார்ப்பதிலும் பயனில்லை, நல்ல கல்லில் கீறல் விழுவதுதான் மிச்சம்.

கடைசியாக, ஒரு சின்ன வேலை. வீட்டில் இருக்கும் நகைப் பெட்டியில் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு துண்டு எழுதி வையுங்கள்: எங்கே வாங்கியது, எத்தனை கரட், என்ன சிகிச்சை. அடுத்தமுறை பத்தரிடம் போகும்போது அந்தத் துண்டையும் நகையோடு கொடுத்து, நெருப்பு வைக்கும் முன் கல்லைக் கழற்றச் சொல்லுங்கள். அந்த மாணிக்கப் பதக்கத்தில் இனி எந்த வேலையும் செய்விக்க வேண்டாம். ஈரத்துணியால் துடைத்து அப்படியே வைத்திருங்கள். மைத்துனரிடம் கடைச் சீட்டு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அதில் 'ரூபி' என்று மட்டும் இருந்து கண்ணாடி பற்றி ஒரு சொல்லும் இல்லையென்றால், சண்டை பிடிக்க வேண்டிய ஆள் பாங்கொக்கில் இருக்கிறார், உப்புவெளியில் இல்லை.